என் சுமை வெளிச்சம்



போன ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களில் பாதிப்பேர் ஆங்கில வழிப் பள்ளியில் படிப்பதால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஆங்கில விவிலியத்திலிருந்து ஆளுக்கொரு வசனத்தைக் கொடுத்து, அதைத் தமிழில் நோட்டில் எழுதிச் சொல்லச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு மத்தேயு 11-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் வந்தது. தம்முடைய சுமை பாரமானதல்ல என்று ஆண்டவர் சொல்லும் இடம். அவள் எழுந்து நின்று, கொஞ்சமும் தயங்காமல், "என் சுமை வெளிச்சம்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. "இங்கே லைட்னா வெளிச்சம் இல்லைம்மா, லேசு" என்று அவள் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருத்திவிட்டு நான் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அவள் என் பின்னாலேயே வந்தாள். "ஃபாதர், ரெண்டுக்கும் எதுக்கு ஒரே வார்த்தைய வச்சாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். இன்று பொதுக்காலத்தின் 5-ஆம் ஞாயிறு. நற்செய்தியில் ஆண்டவர் நம்மை உப்பு என்கிறார், உலகுக்கு ஒளி என்கிறார். உப்பைப் பற்றி, உப்பளத்தில் கால் வெடிக்க நிற்கும் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒளியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்தப் பிள்ளைக்குத் தர வேண்டிய பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

லைட் என்பதை நாம் ஆங்கிலச் சொல் என்றே நினைப்பதில்லை. "லைட்டப் போடு", "லைட்ட அணைச்சுட்டுப் படு" என்று விடிவது முதல் படுப்பது வரை நம் வாயில் இருக்கிறது. மின்சாரம் போனால் "லைட் இல்ல" என்கிறோம். இரவில் கரைக்குத் திரும்பும் ஆள், லைட் ஹவுஸ் கண்ணில் பட்டதா என்றுதான் முதலில் பார்க்கிறார். அதே வாய்தான் டீக்கடையில் "லைட்டா ஒரு டீ" கேட்கிறது, துணிக்கடையில் "லைட் கலர்ல காட்டுங்க" என்கிறது, வானத்தைப் பார்த்து "லைட்டாத் தூறுது" என்கிறது. ஒளி, எடை, நிறம், அளவு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.

இவற்றில் ஒரு பயன்பாட்டில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். "லைட்டா நெஞ்சு வலிக்குது சாமி." நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போகும்போது இதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! விடிந்தால் தொழிலுக்குப் போக வேண்டிய மனிதர், மூன்று நாளாகத் தூக்கமில்லாத வலியை "லைட்டாத்தான்" என்கிறார். "அவரு லைட்டாக் குடிப்பாரு சாமி" என்று சொல்லும் பெண்ணின் புறங்கையில் சிராய்ப்பு இருக்கிறது. "பையன் கொஞ்ச நாளா லைட்டா டல்லா இருக்கான்" என்கிற தாய், அவன் அறைக்கதவை இரவில் நான்கு முறை தட்டிப் பார்ப்பவள். "லைட்டாக் கடன் இருக்கு" என்றால் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. முகமே சொல்லிவிடும். இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் லேசாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. நம் ஊரில் பாரத்தை மூடி வைக்கும் துணியாக அந்தச் சொல் ஆகிவிட்டது. அதனால் யாராவது "லைட்டா" என்று தொடங்கினால், நின்றுகொண்டு செபித்துவிட்டுப் போக வந்த நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

சரி, பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அகராதி புரட்டுவது குருக்களுக்குப் புதிய வேலையல்ல. இத்தாலியிலிருந்து வந்து இந்த மண்ணில் தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். ஒரு சொல்லுக்காக ஓர் இரவு விழித்திருப்பதையும் அவர் செபமாகவே எடுத்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

மகளே, அது ஒரே வார்த்தை இல்லை. இரண்டு வார்த்தைகள், பிறப்பிலேயே வேறு வேறு. வெளிச்சம் என்கிற லைட், இலத்தீனின் லுக்ஸ், லூமென் என்ற சொற்களுக்கு உறவு. பாஸ்கா திருவிழிப்பில் கோவில் முழுக்க இருட்டாக இருக்கையில் பாஸ்கா திரியை உயர்த்தி லூமென் கிறிஸ்தி என்று பாடுகிறோமே, அந்தச் சொல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டின் பெயரான லூமென் ஜென்சியும் என்பதிலும் அதுதான் இருக்கிறது. பாரமில்லாதது என்கிற லைட் வேறொரு குடும்பம். வடமொழியின் லகு அதற்கு உறவு. ஜெர்மன்காரர்கள் இன்றும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: வெளிச்சத்துக்கு லிஹ்ட், லேசுக்கு லைஹ்ட். ஆங்கிலேயரின் நாவில் இரண்டும் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியாகி, ஒரே எழுத்துக்கூட்டலுக்கும் வந்துவிட்டன. இரண்டு மலைகளில் பிறந்த ஆறுகள் ஒரே கழிமுகத்தில் வந்து சேர்ந்த மாதிரி.

அப்படிச் சேர்ந்த பிறகு அவற்றைப் பிரிக்க முடியவில்லை. வண்டியிலிருந்து இறங்குவதற்கு ஆங்கிலத்தில் அலைட் என்பார்கள். குதிரையின் முதுகிலிருந்து பாரம் இறங்குவது என்பதுதான் அதன் பழைய பொருள். தீப்பற்றி எரிவதற்கும் அதே அலைட். மகிழ்ச்சியைச் சொல்லும் டிலைட் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லைட்டுக்கும் அதற்கும் இரத்த உறவு கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் யாரோ இதுவும் லைட் குடும்பம்தான் என்று எண்ணி எழுத்துக்கூட்டலை மாற்றிவிட்டார்கள். தவறுதான். மகிழ்ச்சி போய் வெளிச்சத்தோடு ஒட்டிக்கொண்ட தவறு.

நுரையீரலுக்கும் அங்கே அதே குடும்பத்துப் பெயர். ஆங்கிலத்தின் லங் என்ற சொல், லேசானது என்ற வேரிலிருந்து வந்தது. ஆட்டு நுரையீரலைக் கசாப்புக் கடையில் லைட்ஸ் என்றே சொல்வார்கள். உடலின் மற்ற உறுப்புகளெல்லாம் தண்ணீரில் போட்டால் முங்கும்போது மிதப்பது அது ஒன்றுதான். கடலில் தவறி விழுந்தவனை முதல் சில நிமிடம் மேலே தூக்கிப் பிடிப்பது நெஞ்சுக்குள் இருக்கும் அந்த லேசுதான். இதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இவ்வளவும் ஆங்கிலத்தின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடலாம். லகு தமிழுக்கு வந்து இலகு ஆனது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்தேன். இலகு அங்கே இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று வடமொழியிலிருந்து வந்த பெயர்ச்சொல்: பாரமின்மை, எளிமை. உங்கள் பிள்ளைகளின் ஓட்டுநர் உரிமத்தில் இலகுரக வாகனம் என்று இருக்கிறதே, அந்த இலகு. இன்னொன்று வினைச்சொல், இலகுதல். விளங்குதல், ஒளிவிடுதல் என்று பொருள். இலங்கு என்கிறோமே, அதன் உடன்பிறப்பு.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடலுக்கு அப்பால் ஒரு மொழியில் நடந்தது நம் மொழியிலும் நடந்திருக்கிறது. இரண்டு வேர், இரண்டு பிறப்பு, கடைசியில் ஒரே உருவம். அந்தப் பிள்ளை "என் சுமை இலகு" என்று சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். நானும் அவளை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. நற்செய்தியாளர் மத்தேயுவுக்கு இந்த ஒற்றுமை தெரியாது. அவர் எழுதிய கிரேக்கத்தில் ஒளிக்கு ஃபோஸ், லேசுக்கு எலாஃப்ரோன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள். ஆண்டவர் பேசியது அரமேய மொழியில். ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து மறையுரை கட்டினால் அது மணலில் கட்டிய வீடு. இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலும் சொல்வன்மையை நம்பித் தாம் கொரிந்துக்கு வரவில்லை என்கிறார். வெள்ளிக்கிழமை இரவு, இந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுதியதை மடித்து வைத்துவிட்டேன். படுக்கப் போகுமுன் ஞாயிறு வாசகங்களை ஒருமுறை பார்ப்பது வழக்கம். முதல் வாசகத்தை எடுத்தேன்.

எசாயா 58. சற்றுமுன் நீங்கள் கேட்டது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள். ஊர் இடிந்து கிடக்கிறது, விளைச்சல் இல்லை, கையில் காசில்லை. நோன்பு இருக்கிறார்கள், சாக்குடுத்திச் சாம்பலில் உட்காருகிறார்கள், ஆண்டவர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறார்கள். நோன்பு நாளிலும் கூலியாட்களை வாட்டி வேலை வாங்குகிறீர்களே என்று ஆண்டவர் திருப்பிக் கேட்கிறார். பசித்தவனுக்கு உன் உணவில் பங்கு கொடு, வீடற்றவனை உள்ளே அழைத்து வா, ஆடையில்லாதவனுக்கு உடுத்து, உன் நடுவிலிருந்து நுகத்தை எடுத்துப் போடு என்கிறார். அப்படிச் செய்தால் விடியலைப் போல உன் ஒளி கிளம்பும், இருளில் உன் வெளிச்சம் எழும் என்கிறார்.

நுகம் எடுபடுகிற இடத்தில் ஒளி எழுகிறது. ஒலி ஒற்றுமையைச் சாராமல், எபிரேயத்தில், இயேசு பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது எழுதப்பட்டிருக்கிறது. ஒருவன் கழுத்திலிருந்து பாரம் இறங்குகிறது. இறக்கியவன் முகத்தில் வெளிச்சம் வருகிறது. வாசகத்தை மறுபடி பாருங்கள். விளக்கை ஏற்று என்று ஆண்டவர் அதில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சுமையை இறக்கு என்கிறார். வெளிச்சம் தானாக வருகிறது. உலகுக்கு ஒளி நீங்கள் என்று இன்று நம்மைப் பார்த்துச் சொல்லும் ஆண்டவர், சிறு வயதிலிருந்து தொழுகைக்கூடத்தில் எசாயாவைக் கேட்டு வளர்ந்தவர்.

ஊருக்குள் வரும் பழைய சாலையில், புளியமரத்துக்கு எதிரே, ஒரு சுமைதாங்கிக் கல் இருப்பதை உங்களில் வயதானவர்கள் அறிவீர்கள். ஆள் தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருக்கும். வேனும் ஆட்டோவும் வருவதற்கு முன்பு, நம் தாய்மார் விடிவதற்குள் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். கூடையில் ஐஸ் தண்ணீர் வடிந்து சும்மாடு நனைந்து, கழுத்து இறுகிப்போகும். வழியில் கூடையை இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் ஆள் வேண்டாம். நின்றபடியே கூடையைக் கல்லுக்கு நகர்த்தி, மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு நகர்த்திக்கொண்டு போகலாம்.

அந்தக் கல் ஏன் வைக்கப்பட்டது தெரியுமா? வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், அவள் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாளே, வழியில் போகிற யாராவது தம் சுமையை இறக்கி வைத்தால் அவள் பாரம் குறையும் என்று அந்தக் குடும்பம் எண்ணியது. ஒருத்தியின் இறக்க முடியாத சுமை, ஊர் முழுக்க இறக்கி வைக்கும் இடமாக மாறுகிறது. சிலுவையைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்த பேராசிரியர்கள் பலர். அவர்கள் சொன்னதெல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது நான் சொல்லப் போவது எனக்கும் பங்குப் பேரவைக்கும் கசப்பானது. பாரமான சுமைகளைக் கட்டி மக்கள் தோளில் வைத்துவிட்டு, ஒரு விரலால்கூட அதைத் தொட மனமில்லாத மறைநூல் அறிஞரை ஆண்டவர் கண்டிக்கும் இடம் மத்தேயு 23-இல் இருக்கிறது. போன திருவிழாவுக்குக் குடும்ப வரி எவ்வளவு வைத்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி எங்கே போனது என்பதும் தெரியும். கோபுரம் முதல் கடற்கரை வளைவு வரை சீரியல் லைட், பத்து இரவுக்கு. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து மெச்சினார்கள். நானும் மாடியில் நின்று பார்த்து மகிழ்ந்தேன். கொடி இறங்கிய மறுவாரம் வீடு சந்திக்கப் போனபோது, அந்த வரியைக் கட்ட அடகுக் கடைக்குப் போன கம்மலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒரு வீட்டில் இல்லை, மூன்று நான்கு வீட்டில். அவர்கள் யார் என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம். "லைட்டாக் கஷ்டம்தான் சாமி, அந்தோணியார் பாத்துப்பாரு" என்றார் ஒரு தாய்.

நான் மாடியில் நின்று பார்த்த வெளிச்சம் அந்தத் தாயின் காதிலிருந்து வந்தது. அந்த இரவை இப்போது நினைத்தாலும் என்னால் தலை நிமிர முடியவில்லை. ஏழையின் தோளில் ஏற்றிய நுகத்தால் எரிகிற விளக்கை எசாயா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

ஒளி என்று வந்துவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடாது. இதை உங்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. பெரிய படகுகள் நடுக்கடலில் எல்ஈடி விளக்கைத் தண்ணீரின் மேல் பாய்ச்சி, வெளிச்சத்தைத் தேடி வரும் மீனைக் குஞ்சும் குளுவானுமாக வாரிக்கொண்டு போகும் தொழிலை 2017-இல் நடுவண் அரசு தடை செய்தது. வெளிச்சத்தை நம்பி வந்த மீனுக்கு அங்கே காத்திருப்பது வலை. கரையிலிருந்து சிறு வள்ளத்தில் போகிறவருக்கு மிச்சமாவது வெறுங்கடல். சாத்தான் ஒளியின் தூதனாக வேடம் போடுவான் என்று பவுல் கொரிந்தியரை எச்சரித்தது வெறும் உவமையாக எனக்குப் படவில்லை. கைப்பேசியின் வெளிச்சத்தில் விடிய விடிய விழித்திருக்கும் இளையோரும், அதில் கண்ட கடன் செயலியில் விரலை வைத்துவிட்டு இப்போது வெளியே சொல்ல முடியாமல் தவிப்போரும் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள். திருப்பலி முடிந்து அறைக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்காமல் போனால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். ஒளி லேசானது என்று ஆங்கிலம் சொல்கிறது. எபிரேயம் நேர்மாறாகச் சொல்கிறது. கடவுளின் மாட்சிக்கு அங்கே காவோத் என்று பெயர். பாரம் என்பதுதான் அதன் வேர்ப்பொருள். சீனாய் மலையுச்சியில் நெருப்பாகத் தெரிந்தது அந்தக் காவோத். சாலமோனின் கோவிலை அது மேகமாக நிரப்பியபோது குருக்களால் நின்று பணி செய்ய முடியவில்லை. அவ்வளவு கனம். தந்தையையும் தாயையும் மதித்து நட என்ற கட்டளையிலும் அதே வேர்தான் வருகிறது: அவர்களைப் பாரமுள்ளவர்களாக எண்ணு. நம் பிரிந்த சகோதரர்கள் வாசிக்கும் பழைய தமிழ் விவிலியத்தில் அந்த இடத்துக்குக் கனம்பண்ணு என்று போட்டிருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளரை வணங்கத் தோன்றுகிறது. கனம் என்றால் நம்மிடமும் எடை, நம்மிடமும் மரியாதை.

வீட்டில் படுக்கையில் கிடக்கும் வயதானவர்களை யோசித்துப் பாருங்கள். வருகிற புதன், பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள், உலக நோயாளர் நாள். அவர்களைப் பாரம் என்று நாம் சொல்கிறோம். விவிலியமும் பாரம் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஆண்டவரின் மாட்சிக்கு எந்தச் சொல்லைப் போட்டதோ அதே சொல்லால். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்பு வலிக்கிறது, தெரியும். அந்த எடைதான் காவோத்.

பவுல் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறார், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரத்தில். இப்போது படும் துன்பத்துக்கு எலாஃப்ரோன் என்ற அதே சொல்லைப் போடுகிறார், லேசு என்கிறார். வரப்போகும் மாட்சியைப் பாரம் என்கிறார். அடியும் கல்லெறியும் கப்பற்சேதமும் பட்ட மனிதர் அதை லேசு என்கிறார் என்றால், அது நம் வீடுகளில் சொல்லும் "லைட்டா" இல்லை. மூடி மறைத்துச் சொன்னதும் இல்லை. பட்டதையெல்லாம் அதே திருமுகத்தில் வரிசையாக எழுதியும் வைத்திருக்கிறார். தராசின் மறுதட்டில் இருப்பதைப் பார்த்தவர் பேசும் பேச்சு அது.

லேசானது என்றால் பலமில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். ஒளித்துகளுக்கு நிறையே கிடையாது என்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் அது படும் இடத்தைத் தள்ளும். 2010-இல் ஜப்பானியர் இகாரோஸ் என்ற விண்கலத்தை அனுப்பினார்கள். பக்கத்துக்கு 14 மீட்டர் அளவில், தலைமுடியைவிட மெல்லிய ஒரு பாயை விண்வெளியில் விரித்தார்கள். காற்றே இல்லாத வெளியில் வெயில் அந்தப் பாயைத் தள்ளியது, கலத்தின் வேகம் கூடியது. பாய் விரித்துத் தொழில் செய்த முன்னோரின் பேரப்பிள்ளைகளான உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு விளக்கைப் பற்றி. தம்மை உலகின் ஒளி என்று ஆண்டவர் அறிவித்தது எருசலேம் கோவிலில், கூடாரத் திருவிழாவையொட்டி என்று யோவான் நற்செய்தியிலிருந்து தெரிகிறது. அந்தத் திருவிழா இரவுகளில் பெண்களின் முற்றத்தில் மாபெரும் பொன் விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்கள். ஏணி வைத்து ஏறித்தான் இளம் குருக்கள் எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த வெளிச்சம் எட்டாத முற்றம் எருசலேமில் இல்லை என்று யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. அவ்வளவு பெரிய விளக்குக்குத் திரி எதில் செய்தார்கள் என்பதையும் அது சொல்கிறது. குருக்கள் உடுத்தித் தேய்ந்துபோன பழைய ஆடைகளையும் இடைக்கச்சைகளையும் கிழித்துத் திரித்தார்களாம். நம் பாட்டிமார் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தொடையில் வைத்துத் திரி திரித்தது போல. புதுத்துணியில் திரி சரியாக எரியாது என்பார்கள் அவர்கள். பலமுறை துவைத்து, கஞ்சியெல்லாம் போய், மெலிந்து லேசான துணிதான் எண்ணெயை இழுக்கும்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. சீரியல் லைட்டுக்கு வரி வேண்டாம் என்று பேரவையில் கேட்கப் போகிறேன். கோபுரம் இருட்டாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஓர் இரவுக்கு அகல் விளக்குகளை நீங்களே ஏற்றி வாருங்கள். பழைய வேட்டி வீட்டுக்கு வீடு இருக்கிறது. மீதிப் பணம் வந்தால் அது முதலில் போக வேண்டிய இடம் அடகுக் கடை. அந்தப் பழைய சாலையில் சுமைதாங்கியின் குறுக்குக் கல் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. சனிக்கிழமை காலையில் நான் அங்கே இருப்பேன். கடப்பாரையோடு நான்கைந்து இளைஞர்கள் வந்தால் போதும். இப்போது அங்கே கூடை இறக்க யாரும் வருவதில்லை என்று யாராவது சொல்லலாம். இரண்டு பாட்டிகள் இன்னும் நடந்துதான் போகிறார்கள். நான் பார்த்தேன்.

மகளே, உன் நோட்டில் சிவப்பு மையால் நான் போட்ட கோட்டுக்கு மேலே என் கையெழுத்தில் ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது. வகுப்புக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா.

பேரவை வியாழன் மாலை 6 மணிக்கு. போன திருவிழாவின் வரவு செலவு நோட்டை வைத்திருப்பவர் எடுத்து வாருங்கள். இப்போது எழுந்து நின்று, 325-இல் நிக்கேயாவில் கூடிய நம் தந்தையர் ஒளியிலிருந்து ஒளியாக வந்தவர் என்று அறிக்கையிட்ட மகனில் நமக்குள்ள நம்பிக்கையைச் சேர்ந்து சொல்வோம்.